வெள்ளிக்கிழமை அழிந்த பெயர்கள்

வெள்ளவத்தைச் சீனி வருத்தக்காரர்களின் கோபத்தை என்னளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. விடியக் காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இரத்தத்தில் சீனி பார்க்க வந்து வரிசையில் நிற்பவர்களிடம், கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும். காலி வீதியில் ஒரு தனியார் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே வருகிறவரின் பெயரைப் பதிந்து, இரத்தக் குப்பியில் ஒட்டும் துண்டை அச்சடித்து, மெஷின் தருகிற எண்களை அறிக்கையாக்கிக் கொடுக்கும் புரோகிராம் எங்கள் கம்பனியுடையது. அது விழுந்தால் ஊசி ஏறாது. ஊசி ஏறாவிட்டால் யாருக்கும் இடியப்பம் இல்லை.

நான் குடியிருந்தது அந்த இடத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. ஆகவே புரோகிராம் விழுந்த செய்தி அலுவலகத்துக்குப் போகுமுன் என்னிடம் வந்துவிடும். எங்கள் ஃபிளாட்டின் கீழ்மாடி அன்ரி மாடிப்படியிலேயே மறித்துச் சொல்லுவார்.

"பிள்ளை, உங்கட கொம்பியூட்டர் இண்டைக்கும் படுத்திட்டுது. நான் பச்சைத் தண்ணியும் குடியாமல் நிண்டு தலை சுத்தி வந்தனான்."

எனக்கு நாற்பத்தைந்து வயதாகியும் என்னைப் பிள்ளை என்று கூப்பிட அவருக்கு உரிமை இருந்தது. "உங்கட கொம்பியூட்டர்" என்பதில்தான் எனக்கு வழக்கு. அதை எழுதியவர்கள் ஆறு பேர் என்றும் நான் அதில் ஒருத்தி மட்டுமே என்றும் வெறும் வயிற்றோடு நிற்கிற மனுசியிடம் வாதாட முடியுமா? மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஏறுவேன். கோட்டை வரை ஒன்று, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொன்று.

கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடையும் மாடியும் முதலாளியின் குடும்பத்துடையவை. இந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் பரம்பரையாக வியாபாரம் செய்கிற குடும்பம். அவர் ஒருவர்தான் ஆணியையும் கம்பியையும் தம்பிமாரிடம் விட்டுவிட்டு மாடி ஏறி புரோகிராம் எழுத வந்தவர். எங்கள் புரோகிராமின் முதல் வடிவம் அவருடைய கையால் எழுதியது. அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை.

இனி நடந்ததைச் சொல்ல, எங்கள் தொழிலில் ஒரு சங்கதியை மட்டும் விளக்க வேண்டும். நாங்கள் எழுதும்போது ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஒரு பெயர் வைப்போம். பதிவு செய்வதற்கு ஒரு பெயர், துண்டு அச்சடிப்பதற்கு ஒரு பெயர். கம்பைலர் என்பது நாங்கள் எழுதியதை மெஷினுக்கு விளங்கும் எண்களாக மாற்றித் தருவது. மெஷினுக்குப் பெயர் தேவையில்லை, அது எண்களை வைத்தே ஓடும். பெயர் எங்களுக்குத்தான் தேவை, அதுவும் புரோகிராம் விழுகிற நேரத்தில் மட்டும். விழும்போது அது ஒரு அறிக்கையை எழுதி வைத்துவிட்டுத்தான் விழும். பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தால், எந்த வேலையின் நடுவில் விழுந்தது என்று அந்த அறிக்கையில் பெயரோடு வாசிக்கலாம். அப்படிச் சேர்த்து வைக்கும் பெயர்களை டீபக் சிம்பல் என்போம். அவை இல்லாவிட்டால் அறிக்கை முழுவதும் எண்களும் கேள்விக்குறிகளும்தான்.

அந்த அறிக்கையை வைத்து அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அறிக்கையின் முதல் வரியில் யார் எழுதிய வேலையின் பெயர் வருகிறதோ, அவர் அன்றைக்கு எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்க வேண்டும். மூலைக் கடையின் மீன் ரோல்ஸ், சூடாக. இதில் அவமானம் ஒன்றும் இல்லை. எனக்கே பல தடவை விழுந்திருக்கிறது. நான் புரோகிராமைத் திருத்துகிற நேரத்தில் மற்றவர்கள் என்னுடைய ரோல்ஸைத் தின்றுகொண்டு எனக்குப் புத்தி சொல்லுவார்கள். முதலாளியின் பெயர் மேலே வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதற்குத் தன் திறமைதான் காரணம் என்று அவர் நம்பினார். நாங்களும் நம்புவதுபோல் இருந்தோம், சம்பளம் தருகிறவர் ஆயிற்றே.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது முதலாளியுடையது. புரோகிராமின் புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வெளியே போகும். அதுவும் காலையில், ராகு காலம் தொடங்குமுன். செவ்வாயில் தொடங்கினால் வில்லங்கம், சனியில் தொடங்கினால் இழுபறி. வெள்ளி மாலையானதும் கீழே கடையையும் மேலே அலுவலகத்தையும் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையார் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி, எங்களுக்குச் சுண்டல் தருவார். பிறகு மஞ்சள் துணி ஒன்றால் ஒவ்வொரு கொம்பியூட்டராகத் துடைப்பார். வெளியே போகும் பதிப்புகளைத் தயாரிக்கிற பெரிய மெஷின் ஒரு மூலையில் இருந்தது. அதைக் கடைசியாகத் துடைத்து, குங்குமம் வைத்து, அதன் உள்ளேயும் ஒரு துப்புரவு செய்வார். அதற்கென்று பழைய காலத்தில் அவரே எழுதிய சின்னப் புரோகிராம் ஒன்று இருந்தது. ஒரு கையில் கற்பூரத் தட்டு, மறு கை விரலால் ஒரு தட்டு. குப்பை இருக்கும் இடத்தில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார். மற்றக் கம்பனிகளில் இதற்கெல்லாம் எழுதி வைத்த ஒழுங்குமுறை இருக்கும். எங்களிடம் பிள்ளையார் இருந்தார்.

இந்த இடத்துக்குத்தான் கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தம்பி வேலைக்கு வந்தார். முஸ்லிம். முப்பத்தைந்து வயதிருக்கும். வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பனியின் கொம்பியூட்டர் பகுதியில் வருடக்கணக்காக வேலை செய்து, அது போதும் என்று திரும்பி வந்தவர். முதல் ஆறு மாதம் தவணை, பிறகுதான் நிரந்தரம். எனக்குப் பக்கத்துக் கதிரை. அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மகளைப் பற்றி மட்டும் சொல்லுவார். மகளுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து தகப்பனைப் போனில் மட்டும் கண்ட பிள்ளை. அவர் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தாயின் கையிலிருந்த போனைக் கேட்டதாம், வாப்பாவுக்கு எடுக்கச் சொல்லி. வாப்பா பக்கத்தில் நிற்கிறார் என்று சொன்னதற்கு, இது வாப்பா இல்லை என்றதாம். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரண்டு மாதத்தின் பிறகு ஒரு நாள் காலையில் வந்ததும் வராததுமாக, மகள் இரவு தன்னை வாப்பா என்று கூப்பிட்டாள் என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. திரும்பிப் போகாமல் இங்கேயே இருக்கத்தான் இந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அந்தச் சமயத்தில் ஆய்வுகூடத்தில் புதிய கொம்பியூட்டர்கள் வாங்கினார்கள். எங்கள் பழைய கம்பைலர் செய்து கொடுத்த புரோகிராம் அவற்றில் ஓட மாட்டேன் என்றது. புதிய கம்பைலருக்கு மாற வேண்டும் என்று முதலாளி சொன்னார். கஷ்டமான வேலை என்பதால் புதியவரின் தலையில் வைத்தார். தம்பி அதை ஒழுங்காகவே செய்தார். பழையது பெயர்களைப் புரோகிராமுக்குள்ளேயே வைக்கும், புதியது தனியாக ஒரு கோப்பில் வைக்கும், அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். முதலாளி அப்போது பூமாலைக்காரனோடு போனில் இருந்தார், அவரும் தலையாட்டினார்.

புதிய பதிப்பு ஒரு வெள்ளிக்கிழமை போனது. திங்கட்கிழமை அன்ரி மாடிப்படியில் நின்றார்.

அலுவலகத்துக்குப் போய் அறிக்கையைத் திறந்தால் முழுவதும் கேள்விக்குறி. பெயர்க்கோப்பைத் தேடினால் பெரிய மெஷினில் அப்படி ஒரு கோப்பே இல்லை. தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் போகுமுன் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"இருந்திச்சி அக்கா. நான் பாத்துட்டுத்தான் எழும்பின."

இருந்தால் எங்கே போகும் என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய வாயிலிருந்து வந்த நியாயமான கேள்விகளில் அதுவும் ஒன்று, பதில் அவருடைய விரல் நுனியில் இருந்தது என்பதுதான் விஷயம். ஆனால் அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மறு வெள்ளிக்கிழமை இன்னொரு பதிப்பு. மறுபடி விழுந்தது, மறுபடி கேள்விக்குறி. நுகேகொடையிலிருந்து வருகிற சிங்களத் தம்பி ஒருவர் எங்களிடம் இருந்தார், புரோகிராம் எழுதுவதோடு, ஆய்வுகூடத்துக்குப் போய் நின்று வசை வாங்குவதும் அவருடைய உத்தியோகம். யாருடைய பிழை என்று தெரியாததால் அவர் எங்கள் எல்லோருக்குமாக வாங்கினார். ரோல்ஸ் நின்றுவிட்டது. யாருடைய பெயரும் மேலே வராதபோது யார் வாங்குவது? ரோல்ஸ் நின்ற இடத்தில் ஊகம் தொடங்கியது. அந்த வேலை நீ எழுதியதுதானே, இல்லை உன்னுடையதுதான் என்று ஆளுக்காள் கதைத்தோம். அதுவரை பெயரோடு பிழை வந்தபோது ஒருவரோடு ஒருவர் கோபித்ததில்லை. பெயர் இல்லாமல் வந்தபோது ஆளை ஆள் கடித்தோம்.

முதலாளி ஒரு பரிசோதனை வைத்தார். ஒரு புதன்கிழமை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியைப் பெரிய மெஷினில் ஒரு பதிப்புத் தயாரிக்கச் சொன்னார். தயாரித்தார். பெயர்க்கோப்பு வந்தது, பெயர்கள் எல்லாம் முத்து முத்தாக இருந்தன. அந்தக் கோப்பை வைத்து வெள்ளிக்கிழமைப் பதிப்பின் அறிக்கையை வாசிக்கப் பார்த்தோம், ஒட்டவில்லை. ஒரு தடவை தயாரித்த புரோகிராமுக்கு அதே தடவை பிறந்த கோப்புத்தான் பொருந்தும். வெள்ளிக்கிழமைப் புரோகிராமுக்கு வெள்ளிக்கிழமைக் கோப்பு வேண்டும், அது இல்லை.

ஆகவே புதன்கிழமை செய்தால் பெயர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை செய்தால் இல்லை. இதிலிருந்து முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார்.

"அவருக்கு வெள்ளிக்கெழமைன்னா அவசரங்க. பள்ளிக்குப் போற அவசரத்துல எதையோ விட்டுர்றாரு."

இதை அவர் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. பரிதாபப்படுவதுபோல் சொன்னார். அதனால்தான் எல்லோருடைய காதிலும் அது இருந்துவிட்டது. ஜும்மா மத்தியானம், பதிப்பு பத்தரைக்கு முன்னரே முடிந்துவிடும், அவசரம் முழுவதும் ராகு காலத்துடையது என்று அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை இரண்டு காகங்கள் இருந்தன. ஒன்றை மட்டும்தான் எங்களுக்குக் காணத் தெரிந்தது, மற்றதற்கு நாங்களே சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.

அதன்பின் வெள்ளி மத்தியானம் தம்பி எழும்பும்போது யாரோ ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். அவர் தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்குவார். முன்பெல்லாம் கதிரையிலேயே தொப்பியைப் போட்டுக்கொண்டு போனவர்.

தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போது முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார். தவணை முடியுமுன் பெயர்கள் திரும்பி வராவிட்டால் நிரந்தரமாக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதைத் தம்பி எனக்கு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது சொன்னார். கொள்ளுப்பிட்டியில் ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சியில் கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார், பழைய இடத்திலேயே எடுப்பார்களாம். மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். இப்போது தன் மடியில்தான் நித்திரை கொள்கிறாள் என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்று தெரியாததால் பருப்பில் உப்பில்லை என்று சாப்பாட்டுக் கடைக்காரனைத் திட்டினேன்.

மூன்று வாரமளவில் முதலாளியின் பங்காளி ஒருவர் காலமானார். வயதாகிப் போனவர். முதலாளிக்குத் தீட்டு. தீட்டில் விளக்கேற்றக் கூடாது, பிள்ளையார் படத்தைத் தொடக் கூடாது, நல்ல காரியம் எதிலும் கை வைக்கக் கூடாது. பதினாறு முடியும்வரை அலுவலகத்துக்கு வருவதில்லை என்று சொல்லியனுப்பினார். கீழே கடையையும் பாதிக் கதவு திறந்துதான் வைத்திருந்தார்கள். பதிப்பை மட்டும் நிறுத்தவேண்டாம், ஆய்வுகூடம் கத்தும், ராகு காலத்துக்கு முன் அனுப்பிவிடுங்கள் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி வழக்கம்போலப் பதிப்பை அனுப்பினார். வழக்கம்போல மத்தியானம் ஜும்மாவுக்குப் போனார். நாங்கள் வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்தோம். மாலையில் விளக்கில்லை, சுண்டலில்லை, நேரத்தோடு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை அன்ரி மாடிப்படியில் நின்றார். இந்த முறை திட்டவும் இல்லை, கையால் ஒரு சைகை மட்டும் செய்தார்.

அலுவலகத்தில் அறிக்கையைத் திறந்தேன். முதலில் எனக்கு விளங்கவில்லை. கேள்விக்குறி இருக்கவேண்டிய இடத்தில் எழுத்துகள் இருந்தன. வரி வரியாகப் பெயர்கள், நாங்கள் வைத்த பெயர்கள், என்னுடையது, நுகேகொடைத் தம்பியுடையது, போன வருடம் விலகிப்போனவருடையது. எல்லோரும் என் கதிரையைச் சுற்றி வந்து நின்றார்கள். முதல் வரியில் இருந்தது முதலாளி எழுதிய வேலையின் பெயர். வருகிறவரின் பெயரைப் பதியும் இடம் அது. அவர் அந்த நாளில் நாற்பது எழுத்துக்கு இடம் விட்டிருந்தார். அவருடைய குடும்பத்தில் யாருக்கும் பத்து எழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. வாசகம என்கிற வம்சப் பெயரும் மூன்று இடைப்பெயரும் கொண்ட ஒரு சிங்கள ஐயா ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீனி பார்க்க வருகிறார், முழுப் பெயரையும் பதியச் சொல்கிறார், புரோகிராம் விழுகிறது. பழைய கம்பைலர் இந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டிருந்தது. புதியது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். திருத்துவதற்குத் தேத்தண்ணி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் பெயர் எப்படித் திரும்பி வந்தது? தம்பி பெரிய மெஷினுக்கு முன்னால் இருந்து, திரையில் ஒரு கோப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதுதான் அக்கா நான் செல்லின கோப்பு. இப்ப ஈக்கிது."

நான் குனிந்து பார்க்கையில் மெஷினின் மேல் கையை ஊன்றினேன். கையில் தூசி ஒட்டியது. கொட்டாஞ்சேனை வீதித் தூசியும் கீழ்க்கடை இரும்புத் தூசியும் சேர்ந்து செம்மண்போல் இருந்தது. அந்த மெஷினில் நான் தூசி கண்டதே இல்லை. அப்போதுதான் இந்த வெள்ளிக்கிழமை யாரும் அதைத் துடைக்கவில்லை என்று உறைத்தது. துடைக்காதவர் உள்ளேயும் துப்புரவு செய்திருக்கமாட்டார்.

முதலாளியின் துப்புரவுப் புரோகிராமைத் திறந்து வாசித்தேன். இத்தனை வருடத்தில் அதை நான் வாசித்ததில்லை. அதைப் புரோகிராமாகவே நினைத்ததில்லை, கற்பூரம்போல அதுவும் பூசைச் சாமான் என்றுதான் இருந்தேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: எனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளை விட்டுவிடு, மற்றதெல்லாம் குப்பை. அவருக்குத் தெரிந்த வகைகள் எல்லாம் பழைய கம்பைலர் காலத்தவை. புதிய பெயர்க்கோப்பு அவருக்குத் தெரியாத வகை. வெள்ளி காலையில் பிறந்து, மாலையில் கற்பூரம் காட்டி அழிக்கப்பட்டது. புதன்கிழமை பிறந்த கோப்பை நாங்கள் அன்றே பார்த்தோம், அதனால் இருந்தது.

பிழை வெள்ளிக்கிழமையில்தான் இருந்தது. அந்தளவில் முதலாளி சரி. யாருடைய வெள்ளிக்கிழமை என்பதைத்தான் பிழையாகக் கண்டுபிடித்திருந்தோம்.

தம்பியின் தவணை முடிய ஒரு வாரம்கூட இல்லை. நானும் நுகேகொடைத் தம்பியும் அன்றைக்கே முதலாளி வீட்டுக்குப் போனோம். கொட்டாஞ்சேனையிலேயே வீடு. முற்றத்தில் வாடகைக் கதிரைகள் இன்னும் அடுக்கப்படாமல் கிடந்தன. செத்த வீட்டில் போய் டீபக் சிம்பல் கதைப்பது மரியாதையில்லை என்று தெரிந்தும் கதைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா, ஒரு வாரம் வெளக்கு வெக்கல, விழுந்துருச்சு."

விளக்கு வைத்த வாரங்களிலும் விழுந்தது சேர், இந்த வாரம்தான் ஏன் விழுந்தது என்று தெரிந்தது, என்று இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன். சுவர்க் கலண்டரில் கையை வைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாகச் சொன்னேன். நுகேகொடைத் தம்பி சிங்களத்தில் இடைக்கிடை ஆமோதித்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரியில் யாருடைய பெயர் வந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்தக் காலத்தில் நாற்பது எழுத்துத் தாராளம் என்றார். பிறகு அந்தத் தம்பியை நிரந்தரமாக்கிவிடுவோம் என்றும் சொன்னார். இப்போதே ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன்.

"தீட்டுல எப்படிங்க? நல்ல காரியம். பதினாறு கழியட்டும், ஒரு வெள்ளிக்கெழமையா பாத்து நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதை எழுதத்தான் வேண்டும். அவருக்கு உண்மையாகவே அது நல்ல காரியம், நல்ல நாளில்தான் செய்ய வேண்டும். நான் மட்டும் படியிறங்கி வீதிக்கு வந்து, சொல்லக்கூடாத சொல் ஒன்றைச் சிங்களத்தில் சொன்னேன். நுகேகொடைத் தம்பி அதைக் கேளாததுபோல் நடந்தார்.

மறுநாள் நானே தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சம்மதித்துவிட்டார், வாயால் சொல்லத்தான் நாள் பார்க்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முழுவதையும் கவனமாகக் கேட்டார். துப்புரவுப் புரோகிராமைத் திறந்து தானும் ஒரு தடவை வாசித்தார். நன்றாக எழுதியிருக்கிறார், சொன்னதை மட்டும் செய்கிறது என்றார். பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். கொடுத்தால் என்ன, திருப்பி வாங்கலாம்தானே என்றேன். மடியில் நித்திரை கொள்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறீர்களா என்று, கேட்கக்கூடாததையும் கேட்டேன். அவர் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார்.

"வேல வேணாமெண்டு இல்ல அக்கா. மாசக்கணக்கா எல்லாரும் என்ட வெள்ளிக்கிழமையத்தான் பாத்துட்டு ஈந்தீங்க. அங்க வெள்ளிக்கிழமை லீவு."

எல்லாரும் என்று சொல்லும்போது அவர் என்னையும் விலக்கவில்லை.

பதினாறு கழிந்து, முதலாளி நாள் பார்த்து, நெற்றியில் திருநீற்றோடு வந்து அவரைக் கூப்பிட்ட வெள்ளிக்கிழமை அவர் விமானத்தில் இருந்தார். முதலாளி வருத்தப்பட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றார். பிறகு துப்புரவுப் புரோகிராமில் புதிய வகைக் கோப்பையும் தெரிந்த வகையாகச் சேர்த்தார். துப்புரவை விடவில்லை. தன் பெயர் மேலே வந்ததற்கான ரோல்ஸையும் வாங்கித் தந்தார், ஆனால் அதைப் பங்காளியின் நினைவாக என்று சொல்லித் தந்தார். மரக்கறி ரோல்ஸ்.

பெயர்கள் அதன்பின் ஒழுங்காக வந்தன. ஆளை ஆள் கடிப்பது நின்றது. பக்கத்துக் கதிரையில் மட்டும் யாரும் வரவில்லை, அதில் பழைய கீபோர்டுகளை அடுக்கி வைத்தார்கள்.

சில மாதங்கள் போய் ஒரு காலை புரோகிராம் மறுபடி விழுந்தது. அறிக்கையின் முதல் வரியில் இருந்தது கிராண்ட்பாஸ் தம்பி எழுதிய வேலை. சின்னப் பிழை, யாருக்கும் வரக்கூடியது. நுகேகொடைத் தம்பி பகிடிக்கு அந்த வரியைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பி, ரோல்ஸ் எங்கே அய்யே என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கேட்டிருந்தார்.

பதினொரு மணிபோல முச்சக்கர வண்டி ஒன்று கடை வாசலில் நின்றது. அவருடைய மனைவி படியேறி வந்தார், கையில் பெட்டி நிறைய ரோல்ஸ், மூலைக் கடையின் மீன் ரோல்ஸ். அவர் அங்கிருந்து போன் எடுத்து வாங்கிக் கொடுக்கச் சொன்னாராம். பின்னால் மகள். கையில் போன், போனுக்குள் அவர், தலையில் வேலைத்தலத்துத் தொப்பியோடு சிரித்துக்கொண்டு. பிள்ளை போனை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு மேசையாக அவருக்குக் காட்டியது. முதலாளியும் உள்ளிருந்து வந்து, எப்படிங்க இருக்கீங்க என்று போனைப் பார்த்துக் கேட்டார். நல்லம் சேர் என்றார் அவர். இருவரும் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

வாப்பா எங்கே இருந்தவர் என்று பிள்ளை கேட்டது. நான் கதிரையைக் காட்டினேன். நுகேகொடைத் தம்பி அவசரமாகக் கீபோர்டுகளை இறக்கினார். பிள்ளை போனைக் கதிரையின் முதுகில் சாய்த்து வைத்து, விழாமல் இரண்டு கையாலும் சரிபார்த்துவிட்டு, எங்களோடு சேர்ந்து ரோல்ஸ் தின்ன வந்தது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சூடாக இருந்தது, இரண்டு தின்றேன். கதிரையிலிருந்து அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முச்சக்கர வண்டிக்காரன் கீழே ஹோர்ன் அடித்தான். தாய் பிள்ளையின் வாயைத் துடைத்து, கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் பிள்ளை கையை உதறிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தது. கதிரையிலிருந்த போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நாங்கள்தான் மறிக்கப் பார்த்தோம் என்பதுபோல எங்களை முறைத்தது.

"வாப்பாவ இங்க வெச்சிட்டுப் போக ஏலா."